ஐந்தாவது வளைவில் நின்ற வீடு

வண்டி நிற்பதற்கு முன்னால் ஒரு முனகல் மட்டும் கேட்டது. இரண்டாவது கியருக்கு மாற்றலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் எஞ்சின் அணைந்துவிட்டது. பிரேக்கை மிதித்த காலை எடுக்கப் பயமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கரும்புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு பேருந்தின் ஹாரன் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதை. நான் எண்ணியபடி ஐந்தாவது கொண்டை ஊசி வளைவு.

எங்கிருந்தோ இரண்டு பேர் ஓடிவந்து பின்சக்கரத்துக்குக் கல் அண்டக்கொடுத்தார்கள். பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்தார். என் நரைத்த தலையைப் பார்த்தார், ஸ்டீயரிங்கைப் பார்த்தார், திட்ட வந்ததை விழுங்கிக்கொண்டார். பிறகு பக்கக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். என் கணவர் சூசை கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். கட்டிலைச் சுற்றி, பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பளபளவென்று இருந்தது.

"என்னம்மா, வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்திருக்கீங்க?" என்றார் ஓட்டுநர்.

அவரே ஏறி உட்கார்ந்து, வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் இறக்கி, அகலமான ஓர் இடத்தில் திருப்பிக் கொடுத்தார். ஏழெட்டுக் கார்களும் ஒரு வாழைத்தார் லாரியும் அதுவரை காத்து நின்றன. என் வாழ்நாளில் அத்தனை பேர் முன்னால் நான் தலைகுனிந்து நின்றதில்லை. காரைக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் சூசை, "இதை வித்துரு ரீத்தா" என்று மட்டும் சொன்னார்.

ஏற முடியாத தம்பி, இறங்க முடியாத அக்கா

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் பள்ளிக்கூடக் கதையாக எழுதிவந்தவள் திடீரென்று லாரிக்காரர் பேச்சுப் பேசுகிறாளே என்று சிலர் நினைக்கலாம். இதுவும் பள்ளிக்கூடத்தில் தொடங்கிய கோளாறுதான். தேவகோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவள் நான். வேலை, ஆற்றல், திறன் என்று கரும்பலகையில் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. ஒரு வண்டி மலை ஏறுவதற்கு எவ்வளவு திறன் வேண்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சூசை வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை. நல்லபடியாக முடிந்தது, கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்து பழகுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் ஆட்டோவில் கோயிலுக்குப் போனபோது இடுப்பில் மின்னல் வெட்டியதுபோல் ஒரு வலி. அன்றோடு சரி. நடப்பார், படுப்பார். உட்காருவது என்றால் பதினைந்து நிமிடம், மிஞ்சினால் இருபது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்காருவார்.

அடுத்தடுத்துப் போனபோதும் டாக்டர் அதையேதான் சொன்னார். முதுகு ஆறிவிட்டது, பயம்தான் ஆறவில்லை என்றார். பயத்துக்கு மாத்திரை எழுதித் தரச்சொல்லிக் கேட்டேன். சிரித்தார்.

சூசையின் அக்கா பிலோமி. எனக்கு மதினி. மலைமேல் பண்ணைக்காட்டில் இருக்கிறார். காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதியவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர், அவர் காலமான பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். எண்பதை நெருங்குகிற வயது. தாயில்லாப் பிள்ளையான சூசையை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அவருக்கோ மலைப்பாதை ஆகாது. பேருந்தில் உட்கார்ந்து இறங்கினால் தலைசுற்றி, வாந்தியெடுத்து, வந்த இடத்தில் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டார். எங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்து பட்ட பாட்டுக்குப் பிறகு, இனிமேல் கீழே இறங்கினால் பெட்டியில்தான் என்று சொல்லிவிட்டார்.

ஆக, தம்பிக்கு உட்கார்ந்து ஏற முடியாது. அக்காவுக்கு உட்கார்ந்து இறங்க முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் போன் வரும்.

"எப்ப வாரே தம்பி?" என்பார் மதினி.

"வாரேன்க்கா" என்பார் இவர்.

இந்த இரண்டு வரியை இரண்டு வருடம் கேட்டேன். அதற்குப் பிறகுதான், படுத்துக்கொண்டே போக ஒரு வண்டி இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கோட்டையூரில் ஒரு பள்ளிக்கூட வேன் விலைக்கு வந்தது. பழைய டீசல் வண்டி. இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போடலாம், அடுப்பு வைக்கலாம், ஒரு மூலையில் கழிப்பறையும் வைக்கலாம். நான் கார் ஓட்டிப் பழகியவள். ஓட்டிவிடலாம் என்று துணிந்தேன். அந்த வண்டிதான் ஐந்தாவது வளைவில் நின்றுபோனது.

ஆளுக்கொரு மருந்து

விற்க எனக்கு மனம் வரவில்லை. மனத்தை விடுங்கள், எனக்குள் ஒரு கேள்வி புகுந்துவிட்டது. இருபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதே வண்டி கொடைக்கானல் சுற்றுலா போய்வந்ததாக விற்றவர் சொல்லியிருந்தார். அன்றைக்கு ஏறியது இன்றைக்கு ஏன் ஏறவில்லை? இருந்த திறன் எங்கே போயிற்று? விடை தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஊரில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். டீக்கடையில் ஒரு லாரிக்காரர், டீசல் பம்பில் இருக்கும் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பினால் வண்டி பறக்கும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர், டீசலில் ஏதோ எண்ணெய் கலக்கச் சொன்னார். மகள் போனில், "அம்மா, உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றாள்.

நான் முதலில் ஒரு பரீட்சை வைத்தேன். காரைக்குடியைச் சுற்றி உள்ளங்கை மாதிரி சமதரை. மலை ஏறும் வண்டியைச் சோதிக்க ஏற்றமே கிடையாது. கடைசியில் ஊருக்கு வெளியே ரயில்வே மேம்பாலம்தான் கைகொடுத்தது. அடிவாரத்தில் நின்று கிளம்பி, மூன்றாவது கியர் போட்டு, உச்சிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது.

நேரத்தை எதில் அளந்தேன் என்று சொன்னால் என் மாணவிகள் சிரிப்பார்கள். எங்கள் அம்மா முட்டை அவிப்பதற்கு 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கும் மங்கள வார்த்தைச் செபத்தைத்தான் கணக்காக வைத்திருந்தார். இத்தனை செபம் சொன்னால் அரைவேக்காடு, இத்தனை சொன்னால் முழுவேக்காடு. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்க்க முடியாது. எனவே நானும் செபத்தில் அளந்தேன். பாலம் ஏற மூன்றரைச் செபம் ஆயிற்று. பக்கத்தில் சைக்கிளில் போன ஒருவர் என்னை முந்தப் பார்த்தார்.

காதர் பாய் கேட்ட கேள்வி

தேவகோட்டை சாலையில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய்க்கு என் வயதுதான் இருக்கும். பேச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனிதர். எஞ்சினைத் திறக்கும் முன் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்.

"ஏறுறப்ப என்ன நெறத்துல பொகை வந்துச்சு டீச்சரம்மா?"

"கறுப்பு."

"சத்தம் எதுவும் கேட்டீகளா?"

யோசித்தேன். கேட்டதுதான். "உஸ்ஸுன்னு ஒண்ணு. குக்கர்ல வெயிட்டு சரியா உக்காரலைன்னா வருமே, அந்த மாதிரி. சமதரையில வரலை. ஏத்தத்துல மட்டும்தான்."

"இதை ஏன் யாருகிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே பாய்."

அவர் வண்டிக்கு அடியில் படுத்தார். நானும் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தேன். டர்போ என்று ஒன்று இருக்கிறது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புகிற விசிறி. அந்தக் காற்று போகும் வழியில் ஒரு ரப்பர் குழாய். அதன் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். எந்தக் காலத்திலோ யாரோ அதில் துணியைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். துணி இற்றுப்போய் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கியது.

"சும்மா ஓடுறப்ப இது வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கும். பாரம் ஏறி, உள்ளுக்குள்ள காத்து அமுக்குறப்பத்தான் தொறக்கும். வேணுங்கற நேரத்துல எஞ்சினுக்குக் காத்து இல்லை. டீசல் மட்டும் போகுது. எரியாத டீசல்தான் கரும்பொகை" என்றார்.

பாரம் ஏறினால் மட்டும் வெளியே தெரிகிற ஓட்டை. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

குழாயை மாற்றினார். காற்று வடிகட்டியைத் தரையில் தட்டினார். ஒரு படி செம்மண் கொட்டியது. டீசல் வடிகட்டியும் புதிதாயிற்று. நான் விடவில்லை, பம்ப் ஸ்க்ரூவைப் பற்றியும் கேட்டேன்.

"திருப்பலாம். டீசல் கூடப் போகும். எஞ்சின் சூடும் கூடிரும். மலையில வச்சு வெந்துரும். பசிக்காத புள்ளைக்கு வாயில சோத்தைத் திணிச்ச கதைதான்" என்றார்.

அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேம்பாலத்துக்குப் போனேன். இந்தத் தடவை இரண்டேமுக்கால் செபம்.

"என்ன டீச்சரம்மா முணுமுணுக்குறீக?"

"கணக்கு பாய்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் முகத்தில் ஒன்றையும் காணோம். பாலத்து உச்சியில் இறங்கி, பின்சக்கரத்துக்கு மேலே கையை விட்டுப் பார்த்தார்.

"ஸ்பிரிங் பட்டையெல்லாம் படுத்துக் கெடக்கு. உள்ளாற என்ன வச்சிருக்கீக? காத்து குடுக்குறது என் வேலை, குடுத்துட்டேன். எடை போட்டுப் பாருங்க."

முப்பது பேர்

அரிசி ஆலை எடைமேடையில், நெல் லாரிகளுக்கு நடுவே எங்கள் வீட்டை நிறுத்தினேன். சீட்டைப் பார்த்ததும், எந்திரத்தில் பழுது என்றுதான் நினைத்தேன். இன்னொரு தடவை போடச் சொன்னேன். அதே எண்தான் வந்தது. இருக்கைகளைக் கழற்றிய வெறும் வண்டியின் எடையைக் கழித்தால், நாங்கள் சேர்த்தது ஆயிரத்து எண்ணூறு கிலோ. வண்டியின் பதிவுச் சான்றில் அனுமதித்த எடையைவிட அதிகம். ஐந்தாவது வளைவில் இத்தனையையும் ஒற்றைக் காலால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆளுக்கு அறுபது கிலோ வைத்தாலும் முப்பது பேர். இருபது குழந்தைகள் உட்கார்ந்த வண்டியில் முப்பது பெரியவர்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம்.

இங்கே ஒரு பழைய கதை. பல வருடங்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பெண்களைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா அழைத்துப் போனேன். மலைப்பாதையில் ஓரிடத்தில் பேருந்து திணறியது. ஓட்டுநர் எல்லாரையும் இறக்கி, இரண்டு வளைவு நடந்து வரச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். வெறும் பேருந்து மேலே போய் எங்களுக்காகக் காத்து நின்றது. நடக்கிறபோது ஒருத்தி, "ஏன் டீச்சர் இறங்கச் சொன்னாரு?" என்று கேட்டாள். "உன் சாப்பாட்டு மூட்டை அவ்வளவு கனம்" என்று சொல்லிச் சிரிக்கவைத்தேன். சரியான விடையைச் சொல்லிவிட்டு, அது விடை என்றே தெரியாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

முப்பது பேரும் யார் என்று எனக்குத் தெரியும். தரைக்கு, மணலும் சிமெண்டும் பரப்பி அதன்மேல் பதித்த ஆத்தங்குடிக் கல். சுவருக்கு, இடித்த வீடுகளிலிருந்து வந்த பர்மாத் தேக்குப் பலகைகள். கழிப்பறைக்கு, மூன்று ஆள் சேர்ந்து தூக்கிய ஒரு பழைய வீட்டுக் கதவு. அப்புறம் ஐந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. தளும்பத் தளும்பக் காரைக்குடித் தண்ணீர்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்குக்கு வேறு தண்ணீர் இறங்காது என்பார்கள். பிள்ளை வீட்டுக்குச் சென்னை போகிறவர்கள்கூட கேனில் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த வழக்கப்படி, பாறைக்குப் பாறை ஊற்று வழிகிற மலைக்கு அரை டன் தண்ணீரை அடிவாரத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். வேறு எந்த ஊர்க்காரருக்கும் இந்த யோசனை தோன்றியிருக்காது.

எடைச் சீட்டைச் சூசையிடம் காட்டவில்லை. மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். வண்டி வாங்கிய பிறகு எட்டு மாதம், முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளுக்குத் தினமும் நடந்தவர் அவர். அதற்கு முன்னால் வாசலைத் தாண்டச் சொன்னாலே சாக்குச் சொல்கிற மனிதர். ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கடைக்காரரோடு மல்லுக்கட்டி வாங்கி வந்தார். ஒவ்வொன்றையும் கொண்டுவந்த நாள் வீட்டில் அவர் முகம் தெளிந்திருக்கும். அந்தப் பலகைகள் என்ன எடை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கல் உடைகிற சத்தம்

ஞாயிற்றுக்கிழமை. செபப் புத்தகத்தை எடுத்த சூசை சீட்டோடு வந்து நின்றார்.

"இது என்ன?"

சொன்னேன். காதர் பாய் சொன்னது, பட்டை படுத்துக் கிடப்பது, முப்பது பேர், எல்லாம்.

"எத்தனை நாளா ஒளிச்சு வச்சிருக்கே?"

"ஒரு வாரமா."

"நாந்தான் வண்டியை நிப்பாட்டிருக்கேன்" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு மதினியின் போனை அவர் எடுக்கவில்லை. அவர் குளிக்கிறார் என்று நான் பொய் சொன்னேன். மறுநாளும் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. இத்தோடு இவர் திரும்பவும் கட்டிலே கதியென்று ஆகிவிடுவார் என்று நான் மெய்யாகவே பயந்தேன். எனக்கு அழுகை வந்தது, அடுப்படியில் நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் கொத்தனார் நின்றார். அவரை வரச்சொன்னது சூசை.

ஆத்தங்குடிக் கல்லைப் பதித்த பிறகு முழுதாகப் பெயர்க்க முடியாது. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சூசை வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு கல்லும் உடையும்போது கண்ணை ஒரு தடவை மூடித் திறப்பார். அரை மணிக்கொரு தரம் உள்ளே போய்ப் படுப்பார், திரும்ப வந்து நிற்பார். இரண்டு நாள் அப்படி.

ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார். "இது என் முதுகுக்கா, என் கண்ணுக்கா?" கண்ணுக்கு என்றால் வெளியே. கதவு போயிற்று, சுவர்ப் பலகைகள் போயின. கட்டில் சட்டம் மட்டும் முதுகுக்கு என்று தங்கியது. தரையில் ரப்பர் விரிப்பு வந்தது.

தண்ணீருக்கு மட்டும் ஒரு சண்டை நடந்தது.

"தண்ணிய எப்படி விடுறது? அக்காவுக்குக் குடுக்கணும்ல."

"மதினிக்கு ஐந்நூறு லிட்டர் எதுக்குங்க? குளிக்கவா கொண்டு போறீக?"

"பாதி."

"நாலு குடம்."

"ஆறு" என்று முடித்தார். ஐந்து குடம் பிடித்தேன். அவர் எண்ணவில்லை.

மேம்பாலத்தில் இரண்டு செபம்கூட ஆகவில்லை. கிளம்புவதற்கு முன்னால் காதர் பாய் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். "வண்டி தெணறின பெறகு கியரைக் குறைக்காதீக. சோறு குழைஞ்ச பெறகு அடுப்பை அமத்துறதுல என்ன பிரயோசனம்? வளைவு கண்ணுல பட்டதும் எறக்கிருங்க. மொள்ளப் போங்க. சூடு முள்ளு ஏறுச்சுன்னா ஓரமா நிப்பாட்டி டீ குடிங்க. எறங்குறப்பவும் இதே கியர்தான், பிரேக்கையே நம்பாதீக." குழாயில் இருந்த கிழிசல் ஒரு பங்கு, எடை இரண்டாவது பங்கு என்றால், மூன்றாவது பங்கு என் கை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுபடியும்

விடிந்ததும் கிளம்பி, திருப்பத்தூர், நத்தம், திண்டுக்கல் வழியாக வத்தலக்குண்டு. முதல் வளைவு கண்ணில் பட்டதுமே இரண்டாவது கியர். எஞ்சின் சத்தம் கூடியது, ஆனால் முனகவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வருகிற கார் தெளிவாகத் தெரிந்தது.

பேருந்துகளுக்கு ஒதுங்கி வழிவிட்டேன். சூட்டு முள் நடுவைத் தாண்டியபோதெல்லாம் நிறுத்தினேன். இரண்டு தடவை டீயும் குடித்தேன். ஐந்தாவது வளைவில் செபம் சொன்னேன், அளப்பதற்காக இல்லை.

வளைவைத் திருப்பி முடித்தபோது உள்ளேயிருந்து சூசை கேட்டார். "தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சு."

"எஞ்சின் நின்ன மாதிரி இருந்துச்சு."

"எனக்குத்தான் மூச்சு நின்னுச்சு. வண்டி ஓடுது."

பண்ணைக்காட்டில் மதினி வாசலிலேயே நின்றிருந்தார். போனில் கேட்ட குரலைவிட ஆள் ரொம்பச் சிறுத்துப்போயிருந்தார். சூசை இறங்கியதும் கிட்டே வந்து, அவர் முதுகைச் சட்டைக்கு மேலே தடவித் தடவிப் பார்த்தார். "எங்கன வெட்டுனாக?" என்று கேட்டார். எங்கே என்று காட்டினார் இவர். நான் வண்டியைப் பூட்டப் போவதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

மூன்று நாள் இருந்தோம். மதினி தினமும் வண்டிக்குள் ஏறிப் பார்ப்பார். அடுப்பைத் திறப்பார், மூடுவார். மூன்றாம் நாள் மத்தியானம் கட்டிலில் படுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

"ரீத்தா, படுத்துக்கிட்டே எறங்குனா தலை சுத்துமா?"

நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியாது. "கண்ணை மூடிப் படுத்தா கொறையும்னு நெனைக்கேன் மதினி. பாத்துரலாமா?" என்றேன்.

"அப்ப நானும் வாரேன்."

பெட்டி கட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கிளம்புகிற பரபரப்பில் எனக்கே பிறகுதான் உறைத்தது. வண்டியில் ஒரே ஒரு கட்டில்தான் இருக்கிறது.

நான் சொல்வதற்குள் சூசை அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்து, இடுப்புக்கும் மார்புக்கும் பெல்ட்டை மாட்டிவிட்டார். "கண்ணை மூடிக்கோக்கா" என்று சொன்னார். பிறகு முன்பக்கம் வந்து, என் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். நான் அவரைப் பார்த்தேன். "போ" என்றார்.

இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் பின்னால் திரும்பி, "அக்கா, நல்லாருக்கியா?" என்று கேட்டார். "நல்லாருக்கேன், நீ ரோட்டைப் பாரு" என்று பதில் வரும். ரோட்டைப் பார்க்க வேண்டியவள் நான். ஒரு தடவையும் அவர் தன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வத்தலக்குண்டில் டீக்கடை முன்னால் நிறுத்தியபோது ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"முதுகு?" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்து, கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தார்.

"இருக்கு" என்றார். பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா தூங்குது, எழுப்பாதே. நான் காரைக்குடி வரைக்கும் இப்டியே உக்காந்து வாரேன்."